புள்ள படம் வேண்டாம் தம்பி

புள்ள படம் மட்டும் வேண்டாம் தம்பி. சொல்றதக் கேளுங்க. ஒங்க மகன் காதுகுத்து ஃப்ளெக்ஸுல மேல குலசாமி போடுவோம், ரெண்டு ஓரத்துலயும் மயிலு, நடுவுல தாமரப்பூ, அதுக்குள்ள பேரு. தாய்மாமன்மாரு படம் வேணும்னா கீழ வரிசையா போட்டுக்கலாம். ரோட்டுல போறவன் நின்னு பாத்துட்டுப் போற மாதிரி நான் பண்ணித் தர்றேன். புள்ள மொகத்த மட்டும் போட வேண்டாம். மொதல்ல உக்காருங்க. வண்டிச் சாவிய அந்த மேசையில வைங்க, வெரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே இருந்தா எனக்குப் பார்வ அங்கதான் போகுது.

ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கவன் படம் போட மாட்டேங்கிறானேன்னு நெனைக்கிறீங்க. நெனைக்கத்தான் செய்வீங்க. இந்த ஊருல காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாத்துக்கும் இந்தக் கருத்தப்பாண்டிதான். டிசைன் இங்க பண்ணுவேன், பிரிண்டு மதுரையில. சொல்லிவிட்டா மறுநாள் பஸ்ல சுருட்டி வந்துரும், கண்டக்டருக எல்லாம் நம்மாளுக. நீங்க அஞ்சு வருஷத்துக்கு முந்தி வந்திருந்தீங்கன்னா, கேக்காமலே ஒங்க மகன் மொகத்த ஆளுயரத்துக்கு அடிச்சுக் குடுத்திருப்பேன். இப்ப மாட்டேன். பட்டவன் சொல்றேன்.

எம் பெரிய மக விசாலாட்சி. பெரிய மகன்னா, ஒரே மகதான். வாய் தவறி வந்துருச்சு.

எங்கக்கா மகளத்தான் நான் கட்டியிருக்கேன். மாரிக்கனின்னு பேரு. அவ தொட்டில்ல கெடக்கும்போதே பேசுன பேச்சு. எங்கக்கா சுப்புத்தாய்க்கு நான்னா உசுரு, என்னைய அசலுக்குக் குடுக்குறதா அவளுக்கு நெனப்பே இல்ல. எங்க தாத்தா அக்கா மகளத்தான் கட்டுனாரு. எங்க சித்தப்பா மாமன் மகள. நாங்க வெளிய போறதே இல்ல தம்பி, சுத்தமான ரத்தம். சித்தப்பா மகன் ஒருத்தன் கண்ணு தெரியாம இருந்து சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டான். அவனுக்கும் பெரிய கண்ணுதான்னு சொல்லுவாக. அது அம்மை போட்டதால வந்தது, அத விடுங்க.

விசாலி பொறந்தப்போ ஆஸ்பத்திரி நர்சுகளே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுனாக. அப்படி ஒரு கண்ணு. மத்த புள்ளைகளுக்கு நடுவுல கறுப்பு, சுத்தி வெள்ளை இருக்கும்ல, இவளுக்குக் கறுப்பே கண்ணு பூராம் நெறஞ்சு நிக்கும். அதப் பாத்துத்தான் விசாலாட்சின்னு நானே பேரு வச்சேன். எங்கக்கா பூரிச்சுப் போயிட்டா. நம்ம குடும்பத்துக் கண்ணுடான்னா.

ஒரே ஒரு தொல்லைதான். எந்நேரமும் கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தா கண்ண இறுக்கி மூடிக்கிட்டு அம்மா கழுத்துல மொகத்தப் பொதச்சுக்கும். பெரிய கண்ணுல்ல, காத்து அதிகமா படும், தூசி விழும்னு எங்கக்கா சொன்னா. தாய்ப்பால ரெண்டு சொட்டு விடச் சொன்னா. மாரிக்கனியும் விட்டா. அப்படியே ஓடிக்கிட்டிருந்துச்சு.

பதினோராம் மாசம் காதுகுத்து வச்சோம். என் மகளுக்குக் காதுகுத்துன்னா ஊருக்கே தெரிய வேண்டாமா? ஃப்ளெக்ஸ்காரன் மகள்ல. முக்குரோட்டுல, மதுரை பஸ் திரும்புற எடத்துல, இருக்குறதுலயே பெரிய சைஸ் வச்சேன். வேற யாரு படமும் போடல தம்பி, எம் பேரு கூட ஓரத்துல பொடி எழுத்துலதான். பூராம் எம் மக மொகம். ஒவ்வொரு கண்ணும் சோத்துத் தட்டு அளவுக்கு.

அந்தப் படத்துக்கு நான் பட்ட பாடு இருக்கே. நானே எடுத்த போட்டோதான், ஆனா சிஸ்டத்துல போட்டுப் பெருசு பண்ணிப் பாத்தா முழியில ஒரு மூட்டம். கண்ணாடியில ஆவி அடிச்ச மாதிரி, லேசா நீலம் பாரிச்சாப்புல. ஃப்ளாஷ் வெளிச்சத்துல அப்படி விழுந்திருக்கும்னு திரும்பவும் எடுத்தேன். வெளியில வச்சு எடுத்தேன், ஜன்னலோரத்துல வச்சு எடுத்தேன். எல்லாத்துலயும் அதே மூட்டம். சரி, லென்சு மோசம்னு விட்டுட்டு டச்சப்புல ஒக்காந்துட்டேன். மூட்டத்த அழிச்சு, கறுப்பக் கூட்டி, ஓரத்துல ஒரு வெள்ளப் பொட்டு வச்சேன், மினுங்குறதுக்கு. பாருங்க, அதுக்கப்பறம் கண்ணு பேசுச்சு. அந்த மாதிரி டச்சப்பு மதுரையில கூட எவனும் பண்ண மாட்டான். இன்னைக்கும் சொல்லுவேன்.

அந்த அழகுதான் தம்பி எமனாப் போச்சு.

விசேஷத்தன்னைக்கு, பந்தியில சனம் ஒக்காந்திருக்கு, தாய்மாமன் மடியில புள்ள இருக்கு. தாய்மாமன்னா எம் மச்சினன், மாரிக்கனி கூடப்பொறந்தவன், அழகுராஜா. அவந்தான் இன்னைக்குக் காலைல வந்து என் வண்டிய எரவலா வாங்கிட்டுப் போயிருக்கான், இன்னும் காணோம், அது கெடக்கட்டும். அந்நேரம் பந்தலுக்குள்ள ஒரு பொம்பள வர்றா. யாருக்கும் தெரியல. தோளுல ஒரு பை, கழுத்துல ஆஸ்பத்திரி அட்டை. நேரா எங்கிட்ட வந்துச்சு. நான் வாங்க, சாப்பிடுங்கன்னேன். அந்தம்மா சாப்பிட வரல.

“அண்ணே, நான் மதுரையில கண்ணாஸ்பத்திரியில வேல பாக்குறேன். பஸ்ல போறப்ப ஒங்க புள்ள படத்தப் பாத்துட்டுத்தான் எறங்கி வந்தேன். இது அழகு இல்லண்ணே, நோவு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க.”

நல்ல நாளும் அதுவுமா. காதுகுத்துற எடத்துல. எப்படி இருக்கும் சொல்லுங்க.

அதோட விட்டுச்சா? புள்ளைக்கிட்ட போயிக் குனிஞ்சு அந்தக் கண்ணையே உத்து உத்துப் பாக்குது. டார்ச்ச எடுத்து அடிக்குது, புள்ள வீல்னு கத்துது. அப்பறம் எம் பக்கம் திரும்பி, அண்ணே, போட்டோவுல முழியத் திருத்துனீங்களான்னு கேட்டுச்சு. நான் இல்லைன்னுட்டேன். தொழில்ல பண்ற நகாசு வேலைய யாராச்சும் வெளிய சொல்லுவாகளா? அடுத்து, சொந்தத்துல கட்டுனீங்களான்னு கேட்டுச்சு. அந்தக் கேள்விதான் எங்கக்கா காதுல விழுந்துச்சு. எங்கக்கா சும்மா விடுவாளா. எம் மக வயித்தக் குத்தம் சொல்லவா வந்தேன்னு பிடிச்சா பாருங்க, சாப்பிட்டவுக பூராம் எந்திரிச்சு நின்னுட்டாக. அந்தம்மா டார்ச்சப் பைக்குள்ள போட்டுட்டுக் கெளம்பிருச்சு. போகும்போது மாரிக்கனி கையப் புடிச்சு என்னமோ சொல்லிட்டுப் போச்சு.

அன்னைக்கே எங்கக்கா பூசணிக்கா ஒடைச்சா, உப்பு மொளகா சுத்தி அடுப்புல போட்டா. மொளகா நெடியே வரல தம்பி. அப்பிடின்னா எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கும்னு பாத்துக்கங்க. பஸ்ல போறவ, போற சோலிய விட்டுப்புட்டு எறங்கி வந்து பாத்திருக்கான்னா, அது எப்பேர்ப்பட்ட கண்ணா இருக்கணும்.

மாரிக்கனி மட்டும் ராத்திரி பைய கேட்டா, ஒரு தடவ போயிக் காட்டிட்டு வந்துருவோமே மாமான்னு. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு, கைய ஓங்கிட்டேன். அடிக்கல. ஓங்குனதோட சரி. அதுக்கப்பறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. நல்ல புள்ள, சொன்னாப் புரிஞ்சுக்குவா.

ஒரு ஆறேழு மாசம் போச்சு. ஒரு நா காலைல பாக்குறேன், விசாலி வாசல்ல ஒக்காந்திருக்கா, சுள்ளுன்னு வெயிலு மொகத்துல அடிக்குது, கண்ண மூடவே இல்ல. நல்லா அகலத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. கண்ணுல தண்ணியும் நின்னு போச்சு. எனக்கு சந்தோசம் தாங்கல தம்பி. அக்கா, திருஷ்டி கழிஞ்சுருச்சுன்னு கத்துனேன். கோயிலுக்குப் போயி பொங்கல் வச்சோம். தெருவுக்கே குடுத்தோம். அந்தப் பொங்கல மாரிக்கனி மட்டும் தொடல, ஏன்னு கேட்டா வயித்து வலிங்கிறா.

அப்பறம் ஒரு நா மதுரைக்குப் போயிட்டு வரும்போது ஒரு பலூன் வாங்கிட்டு வந்தேன், செக்கச் செவேல்னு. நடக்க ஆரம்பிச்ச வயசு. விசாலின்னேன். ஓடியாந்தா. பலூன மொகத்துக்கு நேரா நீட்டுறேன், அவ கையி அதத் தாண்டிப் போயி எஞ் சட்டையத் தடவுது. நான் பலூன இங்கிட்டுக் கொண்டு போறேன், அங்கிட்டுக் கொண்டு போறேன். அவ சிரிச்சுக்கிட்டே எஞ் சத்தம் வர்ற எடத்தையே பாக்குறா. எங்கப்பா செத்ததுக்குக் கூட நான் அழுகல தம்பி. அன்னைக்கு அழுதேன். பலூன நெஞ்சோட அமுக்கி அது வெடிச்சு, புள்ள பயந்து, அவளும் அழுது.

அதுக்கப்பறம் போனோம் மதுரைக்கு. போகலைன்னு சொல்லாதீங்க, போனோம். டாக்டரு பாத்துட்டு, கண்ணுக்குள்ள பிரஷர் கூடி நரம்பு செத்துப் போச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு. பொறந்த ஒடனே கொண்டாந்திருந்தா ஆப்பரேசன் பண்ணிக் காப்பாத்தியிருக்கலாமாம். கண்ணு பெருசானதே அந்தப் பிரஷராலதானாம். பச்சப்புள்ளைக்கு என்ன தம்பி பிரஷரு? எங்கக்காளுக்கு இருக்கு பிரஷரு, அவ கண்ணு ஒண்ணும் பெருசாகலையே. படிச்சவுக, தெரியலைன்னு சொல்ல மாட்டாக, வாய்க்கு வந்ததச் சொல்லுவாக. நான் ஒரே ஒரு கணக்குத்தான் பாக்குறேன். அந்தப் பொம்பள வர்றதுக்கு முந்தி எம் புள்ளைக்குக் கண்ணு தெரிஞ்சுச்சு. வந்துட்டுப் போனதுக்கப்பறம் தெரியல. இதுக்கு மேல என்ன வேணும்?

தப்பு எம்மேலயும் இருக்கு, இல்லைங்கல. முக்குரோட்டுல வச்சு ஊருக்கே காட்டுனது நாந்தான. கடைக்குள்ளயே வச்சிருந்தா அந்தப் பஸ்ஸுக்குத் தெரிஞ்சிருக்குமா? அதான் ஒங்ககிட்ட கெஞ்சுறேன், புள்ள படம் வேண்டாம்னு.

அந்தா அழுகுதுல்ல. கேட்டுருச்சா ஒங்களுக்கு. சரி, இனிமே மறச்சு என்ன. ஒங்களப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியுது. ரெண்டாவது ஒண்ணு இருக்கு தம்பி. பொம்பளப் புள்ள, நாலு மாசம். அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் காட்டல. பேரு கூட இன்னும் வைக்கல. பால்வாடி டீச்சரு வந்து கேட்டப்ப புள்ள சொந்தக்காரக ஊருல இருக்குன்னு சொல்லிட்டோம்.

அதே கண்ணு தம்பி. உரிச்சு வச்ச மாதிரி விசாலி கண்ணு. சொல்லப்போனா ஒரு மாத்து கூடுதல். மொத நாள் பாத்தப்பவே துண்ட எடுத்து மொகத்த மூடிட்டேன். இந்தத் தடவ கோட்ட விடக் கூடாதுன்னு அங்கயே சத்தியம் பண்ணிட்டேன். உள் ரூமுலதான் தொட்டில். ஜன்னலுக்குத் துணி போட்டா வெளிச்சம் வருது, அதனால விசாலி காதுகுத்து ஃப்ளெக்ஸையே எடுத்து மடக்கி ஆணி அடிச்சுட்டேன். நல்ல கனம், ஒரு பொட்டு வெளிச்சம் வராது. படம் உள் பக்கமா இருக்கு. வெளிப் பக்கம் வச்சாத் தெரு பாக்கும்ல. தொட்டில்ல கெடந்து அக்கா மொகத்தப் பாத்துக்கிட்டே வளரட்டும்னு விட்டுட்டேன்.

இதுல ஒரு விசயம் பாருங்க. வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தா சின்னதும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டுக் கத்துது. இருட்டு ரூமுக்குள்ள போனா நல்லா முழிச்சுப் பாக்குது. புள்ளைக்கே தெரியுது, எது தனக்கு ஆகும்னு. இதச் சொன்னா மாரிக்கனி கேக்க மாட்டேங்கிறா. இப்ப பழையபடி ஆரம்பிச்சிருக்கா. ஒரு வாரமா ஒரே பாட்டு. மாமா, இவளையாவது கொண்டு போவோம் மாமான்னு. கால்ல விழுந்துட்டா தம்பி, கட்டுன பொண்டாட்டி. பச்சப்புள்ள கண்ணுல கத்தி வைக்கிறதுக்கா தூக்கிட்டுப் போகச் சொல்ற, அந்தப் பொம்பள உக்காந்திருக்குற எடத்துக்கான்னு கேட்டேன். அவ ஒண்ணுதான் சொன்னா. “விசாலிக்கு நான் வாய மூடிக்கிட்டிருந்தேன் மாமா. அது எனக்குப் போதும்.” என்ன அர்த்தமோ. நேத்துலருந்து பேச்சில்ல. பேசாம இருந்தா அடங்கிட்டான்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா அவள.

எங்கக்கா எம் பக்கந்தான். சின்னதுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்குன்னு இன்னைக்குக் காலையிலயே கோயிலுக்குக் கெளம்பிப் போயிட்டா. சாயங்காலந்தான் வருவா.

பாத்தீங்களா, அழுக நின்னுருச்சு. தூக்கித் தோளுல போட்டா அடங்கிரும். மாரிக்கனி புள்ள வளக்குறதுல கெட்டிக்காரி, அதுல கொற சொல்ல முடியாது. ஏதோ பொறவாசக் கதவு சத்தம் மாதிரி கேட்டுச்சு. துணி காயப் போடப் போயிருப்பா.

சரி, ஒங்க விசயத்துக்கு வருவோம். மகன் படத்தக் காட்டுங்க, நான் பாக்குறதுல ஒண்ணும் இல்ல. ம், நல்லா இருக்கான். ஒங்க மூக்கு. கன்னத்துல ஒரு கீறல் தெரியுதே, நகம் பட்டிருச்சோ? படம் போடுறதா இருந்தா ரெண்டு நிமிசத்துல எடுத்துருவேன். போடப் போறதில்லயே, அதனால இருக்கட்டும். கண்ணு அளவாத்தான் இருக்கு. ஒங்களுக்குப் பயமில்ல. இருந்தாலும் வேண்டாம்.

இந்தா ஆரன் அடிச்சுக்கிட்டுப் போறான்ல, இதான் மதுரை வண்டி. இத விட்டா இனி சாயங்காலந்தான். ஒங்க டிசைன இப்பவே முடிச்சு அனுப்பிட்டேன்னா நாளைக்கு இதே வண்டி திரும்பி வரும்போது சுருள் வந்துரும். பேரு என்ன போடணும்? எழுத்து மஞ்சளா செவப்பா? மஞ்சளே போடுவோம், தூரத்துல இருந்து தெரியும். கீழ, அன்புடன் அழைக்கும்னு போட்டு ரெண்டு வீட்டாரு பேரு. நீங்க அசல்லயா கட்டுனீங்க? அப்படியா. காதலா? சரி சரி. பாக்க வேண்டியதுதான், அதுலயும் நல்லதா புள்ள பொறக்கத்தான செய்யுது.

யாரு, விசாலியா? என்னம்மா, செவத்தப் புடிச்சுக்கிட்டே கடை வரைக்கும் வந்துட்ட? பைய, மேச முனை இருக்கு. இந்தா பாருங்க தம்பி, இவதான். இப்பவும் பாருங்க, எம்புட்டுப் பெரிய கண்ணு. மாமாவுக்கு வணக்கம் சொல்லும்மா. அங்கிட்டு இல்ல, இங்கிட்டு ஒக்காந்திருக்காக.

என்ன சொல்ற? திருப்பிச் சொல்லு.

கேட்டீங்களா தம்பி? பாப்பாவுக்குக் கண்ணு பாக்க அம்மா மதுரைக்குப் போயிருக்காங்கிறா. பஸ் சத்தம் போனதுக்கப்பறமும் கொஞ்ச நேரம் பேசாம ஒக்காந்திருந்துட்டு, அப்பறமாப் போயி அப்பாட்ட சொல்லுன்னு சொல்லிட்டுப் போனாளாம். அஞ்சு வயசுப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கா பாருங்க. கண்ணு தெரியாத புள்ளைய ஒத்தையில விட்டுட்டு.

இருங்க, போன் போடுறேன். அந்தா, உள்ள அடிக்குது. வச்சுட்டுப் போயிருக்கா. கண்டக்டருக்குப் போடுறேன், நம்ம பய, சொன்னா வண்டிய ஓரங்கட்டி எறக்கி விட்டுருவான். எடுக்க மாட்டேங்கிறான். டேய், எடுடா. அழகுராஜா போன் ஆப்புல கெடக்கு. எவ்வளவு பாந்தமா வண்டி கேட்டான் காலைல, மாமா, ஒரு நடை போயிட்டு வந்துர்றேன்னு. பொறவாசல்ல நின்னு ஏத்திக்கிட்டுப் போயி பஸ்ஸுல விட்டிருக்கான். தாய்மாமன். எல்லாரும் கூட்டு.

மத்தியான வெயில்ல தூக்கிட்டுப் போறா தம்பி. அந்தப் பஸ்ல எத்தன பேரு இருப்பான், அத்தன பேரும் அந்தக் கண்ணப் பாப்பான். நாலு மாசமா ஒரு ஈ காக்கா பாக்காமக் காப்பாத்தி வச்சிருந்தேன். எல்லாம் ஒரு மணி நேரத்துல போச்சு.

இன்னும் ஆத்துப்பாலம் தாண்டியிருக்காது. ஊருக்கு ஊரு நின்னு நின்னுதான் போகும் அந்த வண்டி. ஒங்க வண்டியில போனா புடிச்சுரலாம், புது வண்டிதான. எந்திரிங்க தம்பி. இல்ல, நீங்க வர வேண்டாம், நானே போயிக்கிர்றேன். நீங்க விசாலியப் பாத்துக்கிட்டு இங்க ஒக்காந்திருங்க, வந்ததும் ஒங்க டிசைன முடிச்சுத் தர்றேன். படம் வேணும்னாலும் போட்டுத் தர்றேன், ஒங்க இஷ்டம்.

விசாலி, நீ தள்ளி நில்லும்மா. மேசையில என்னத்தத் தடவிக்கிட்டு நிக்கிற? அது மாமா வண்டிச் சாவி, அத எதுக்கு எடுத்து அவுக கையில குடுக்குற? இங்க எங்கிட்ட குடு.

குடுங்க தம்பி, நேரமாகுது. இவ்வளவு நேரம் எல்லாத்தையும் சொன்னேன்ல. ஒங்களுக்குப் புள்ள மாதிரிதான எனக்கும் புள்ள.

சாவிய ஏன் தம்பி சட்டைப் பைக்குள்ள போடுறீங்க?